துண்டு, தகரம், சீட்டு

செம்மேட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் எடுத்துத் தருகிற கடை ஒன்று இருக்கிறது. ஓரி விழா முடிந்த மறுவாரம் அந்தக் கடையில் உட்கார்ந்துதான் இலங்கைக்குப் போவதற்கு மனுப் போட்டேன். மனு என்பது பழக்கத்தில் வரும் சொல். உண்மையில் நான் எதையும் எழுதவில்லை, கையெழுத்துக்கூடப் போடவில்லை. கடைக்காரப் பையன் கேட்கக் கேட்க நான் சொன்னேன், அவன் தட்டினான். 2012 முதல் இலங்கை இப்படியொரு முறையை வைத்திருக்கிறது. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் என்று வரிசையாகப் போய், எதற்காகப் பயணம் என்கிற கட்டத்துக்கு வந்தபோது பையன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "டூரிஸ்ட்டுன்னு போட்டுரலாங்களா சார்?" என்றான். நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த ஒரு கட்டத்துக்குப் பின்னால் எங்கள் குடும்பத்தில் எழுபது வருஷத்துச் சண்டை ஒன்று இருக்கிறது. நியாயம் யார் பக்கம் என்று தீர்மானிக்க எனக்குக் கிடைத்த சாட்சியங்கள் பதினொரு கடிதங்களும் சில சட்டங்களும். இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

விசா என்ற சொல்லுக்கு லத்தீனில் 'பார்க்கப்பட்டது' என்று பொருள். ஒரு காகிதத்தை ஓர் அதிகாரி பார்த்தார் என்பதற்கு அடையாளம். பார்க்கப்படுவது காகிதம்தான், ஆள் அல்ல. இந்த வித்தியாசம் அற்பமானதில்லை என்பது போகப் போகத் தெரியும்.

இந்த மலைக்குக் காவல் புதிதல்ல. கொல்லிப்பாவையைப் பற்றிச் சங்கப் பாடல்களிலேயே குறிப்புகள் இருக்கின்றன. அந்நியர் வந்தால் சிரித்தே கொன்றுவிடும் பாவை என்று பிற்காலக் கதை. எல்லைக் காவலுக்கு நியமனம் பெற்ற முதல் உத்தியோகஸ்தர் என்று அவளைச் சொல்லலாம். முகத்தில் சிரிப்போடு ஆளைத் திருப்பி அனுப்புகிற கலையில் இன்றைக்கும் அவளுக்கு வாரிசுகள் இருக்கிறார்கள். ஆனால் சரித்திரத்தில் இந்த மலைக்கு வந்தவர்கள் யாரும் அவளிடம் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. ஓரியைக் கொன்ற காரி கேட்கவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்கள் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் பிரிந்து குடியேறினார்கள் என்று மலையாளிகள் தங்கள் பூர்வீகத்தைச் சொல்கிறார்கள், அவர்களும் கேட்கவில்லை. மலையின் உண்மையான காவல் காய்ச்சல்தான். அதற்குப் பயந்தே சமவெளிக்காரர்கள் இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுவார்கள். எங்கள் தாத்தா அந்தப் பயமில்லாதவர். அடிவாரத்திலிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் தலைச்சுமையாக ஏற்றி வந்து சோளக்காட்டுச் சந்தையில் விற்று, சாமையும் பலாவும் மிளகுமாகத் திரும்புவார். கடைசியில் மலையிலேயே தங்கிவிட்டார். அவருடைய தங்கை, எனக்கு அத்தைப் பாட்டி, எதிர்த்திசையில் போனவர். 1926இல், பதினெட்டு வயதில், கட்டிய புருஷனோடும் ஊர்க் கங்காணியோடும் இலங்கைக்குப் போனார்.

அப்படிப் போனவர்கள் எவ்வளவு பேர் என்பதை நம் ஜில்லாக்காரர்கள் இன்று மறந்துவிட்டார்கள். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய பிரதேசங்களே தோட்டங்களுக்கு ஆள் கொடுத்தவை. இலங்கைத் தோட்ட முதலாளிகள் ஆள் சேர்ப்பதற்கென்றே ஒரு லேபர் கமிஷனை 1904இல் ஏற்படுத்தி, அதன் தலைமையிடத்தைத் திருச்சியில் வைத்தார்கள். அதற்கு முன்பு, காப்பித் தோட்டக் காலத்தில், ராமநாதபுரம் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். பேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. அதன் பிறகு நடை இல்லை. மண்டபம் முகாமில் சில நாள் அடைத்துவைத்து, துணிகளை ஆவியில் வேகவைத்து, மருந்தடித்து, கப்பலேற்றினார்கள்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு தஸ்தாவேஜுகள் இருந்தன. இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாஸ்போர்ட்டின் சரித்திரம் எழுதுகிறவர்கள் ஐரோப்பிய ராஜாங்கங்களோடு ஆரம்பித்து ஐரோப்பிய ராஜாங்கங்களோடு முடித்துக்கொள்கிறார்கள். முதலாவது, துண்டு. தோட்டத்துரை எழுதிக் கொடுக்கிற சிறு சீட்டு. இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதை யார் அடைக்கிறாரோ அவரிடம் ஆளை அனுப்பச் சம்மதம் என்பது அதன் சாரம். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக இது வேண்டும். இதைக் கடன் பத்திரம் என்று பொருளாதாரக்காரர்கள் விவரிப்பார்கள். எனக்கு அது வெளியேறும் அனுமதி என்றே படுகிறது. இரண்டு தோட்டங்களுக்கு நடுவில் ஒரு எல்லை இருந்தது, எல்லைக்கு ஒரு விலை இருந்தது, விலையைத் தாங்கிய காகிதத்துக்குத் துண்டு என்று பெயர். 1921இல் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள்.

இரண்டாவது, தகரம். 1901இல் வந்த ஏற்பாடு. வட்டமான ஒரு தகரச் சில்லில் தோட்டப் பிரதேசத்தைக் குறிக்க ஓர் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்க ஓர் எண்ணும் அடித்திருக்கும். கங்காணி ஊரில் ஆளுக்கொன்று கொடுப்பார். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் ரயிலில் ஏறலாம், முகாமில் சாப்பிடலாம், கப்பலில் போகலாம். காசு கேட்க மாட்டார்கள். காசு தோட்டத்தின் கணக்கில் ஏறி, பிறகு தொழிலாளியின் தலையில் இறங்கும். அத்தைப் பாட்டி போனபோது இதே சில்லா, இதன் பிந்தைய வடிவமா என்று என்னால் சொல்ல முடியாது. தாத்தா மட்டும் சாகும்வரை ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "மாட்டுக்கு மணி கட்டற மாதிரி கட்டிக் கூட்டிட்டுப் போனாங்க." அந்தத் தகரத்தில் பெயர் கிடையாது. பிறந்த ஊர் கிடையாது. எங்கிருந்து வருகிறான் என்று அது சொல்லாது, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் சொல்லும். மனிதனைப் பார்சலாகப் பாவித்த தஸ்தாவேஜு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பி வர முடிந்தது. மாரியம்மன் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்தார்கள், போனார்கள். அத்தைப் பாட்டியே 1937இல் ஒருமுறை வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

உலகத்தில் பாஸ்போர்ட் என்பது 1914க்கு முன்னால் பெரும்பாலான இடங்களில் கட்டாயமில்லை. முதல் யுத்தம் அதைக் கட்டாயமாக்கிற்று. யுத்தம் முடிந்தும் அது போகவில்லை. 1920இல் பாரிஸில் மாநாடு கூடி, புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரியையே வகுத்துவிட்டார்கள். இந்தியா விஷயத்தில் வேறு ஒரு காரணமும் உண்டு. 1914இல் கோமகாட்டா மாரு கப்பலில் வான்கூவர் போன 376 பேரில் மிகச் சிலரை மட்டும் இறங்க விட்டு மற்றவர்களைக் கனடா திருப்பி அனுப்பிற்று. அவர்கள் எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். சாம்ராஜ்யத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனவர்கள். பிரஜை என்றால் எங்கும் போகலாம் என்ற வாக்கை அப்படியே வைத்துக்கொண்டு, ஆனால் வெள்ளையரல்லாதவர் போக முடியாதபடி செய்வதற்கு ஒரு உபாயம் தேவைப்பட்டது. காகிதம் அந்த உபாயம். 1917இல் யுத்தகால விதியாக வந்து, 1920இல் இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் ஆயிற்று. நிறத்தைச் சொல்லி மறுப்பது அநாகரிகம், காகிதம் இல்லை என்று மறுப்பது நிர்வாகம்.

இந்தக் காகிதம் தோட்டக் கூலிகளை வெகுநாள் தொடவில்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே அதை யாரும் கேட்கவில்லை. சுதந்திரத்தால் அல்ல, தேவையால். தேயிலை காத்திருக்காது. 1939 ஆகஸ்ட் 1ஆம் தேதி இந்திய சர்க்கார் புதிய கூலிகள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. அதன் பிறகும், அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் யார் என்ற கேள்வி எழவில்லை. எழுந்தபோது, பிரிட்டிஷார் போயிருந்தார்கள்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த ஏழு பேர் பார்லிமென்டுக்குப் போனார்கள். அடுத்த தேர்தலில் ஒருவர்கூட இல்லை. நடுவில் நடந்தது இதுதான்: 1948ஆம் வருஷத்து 18ஆம் எண் பிரஜாவுரிமைச் சட்டம், பிறப்பையும் தகப்பனின் பிறப்பையும் நிரூபிக்கச் சொல்லி அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. கோடகன் பிள்ளை என்பவர் பெயரால் நடந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1953இல் சட்டம் செல்லும் என்று முடிந்தது. பரிகாரமாக 1949இல் இந்திய பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். மனுப் போடலாம். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். ஏறத்தாழ 2,37,000 மனுக்கள் போயின. அவற்றுக்குள் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் இருந்தன. 1964 வரைக்கும் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.

அத்தைப் பாட்டியின் மனுவும் இதில் ஒன்று. அதை எழுதியவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பாட்டிக்கு எழுதத் தெரியாது. என்னிடம் உள்ள பதினொரு கடிதங்களும் நான்கைந்து வேறு வேறு கையெழுத்துகளில் இருக்கின்றன. யார் எழுதினாலும் கடைசி வரி மட்டும் மாறாது: மலையில் அண்ணன் காய்ச்சல் பிடிக்காமல் இருக்க வேண்டும். அவருக்கு ஒரு பாஷை, எழுதினவர்களுக்கு ஒரு பாஷை, இரண்டுக்கும் நடுவில் அவர் என்ன சொன்னார் என்று தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

மனுவுக்கான நிபந்தனைகளில் முக்கியமானது, தொடர்ச்சியான வாசம். கல்யாணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன்னால் ஏழு வருஷம், ஆகாதவர் என்றால் பத்து வருஷம், பிறகு மனுப் போடும் நாள் வரைக்கும். நடுவில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். சட்டத்தின் எழுத்துப்படி, சாவுக்கு வந்து ஒரு மாதத்தில் திரும்பினால் பாதகமில்லை. ஆனால் எழுத்து வேறு, லயத்தில் இருக்கிறவர்களுக்கு அது போய்ச் சேர்ந்த விதம் வேறு. ஊருக்குப் பணம் அனுப்பினால், ஊருக்குப் போய் வந்தால், உன் மனசு இலங்கையில் இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளுகிறார்கள் என்பது எல்லாத் தோட்டங்களிலும் பேச்சாக இருந்தது. பேச்சு ஆதாரமற்றதும் அல்ல. விசாரணையில் கேட்கப்பட்டது, நீ எங்கே இருந்தாய் என்பது மட்டுமல்ல, எங்கே நிரந்தரமாக இருக்க உத்தேசித்தாய் என்பதும்தான். உத்தேசத்துக்கு ரசீது ஏது? அதோடு 1949 நவம்பர் 1 முதல் குடிவரவுச் சட்டம் அமுலாகி, இந்தியர்கள் இலங்கைக்குள் நுழையப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும் என்றாகியிருந்தது. எந்தத் தேசத்துப் பாஸ்போர்ட்டை வாங்குவது? இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினால், இலங்கைப் பிரஜை ஆக வேண்டும் என்று போட்ட மனு பொய் என்றாகும். இலங்கைப் பாஸ்போர்ட் கேட்க, மனு தீர்மானமாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருபது மைல் கடல்.

1953 ஐப்பசியில் தாத்தாவின் தாயார் இறந்துபோனார். தந்தி போயிற்று. அத்தைப் பாட்டி வரவில்லை.

எங்கள் வீட்டில் நான் சிறுவனாக இருந்தபோது இந்தக் கதைக்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு. இலங்கைக் காசு கண்ணை மறைத்துவிட்டது, பெற்றவள் செத்ததற்குக்கூட வராத மகள். தாத்தா அவருக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினார். அதன் பிரதி இல்லை. ஆனால் அதற்கு வந்த பதிலிலிருந்து, இனி உனக்குப் பிறந்த வீடு கிடையாது என்று எழுதியிருக்கிறார் என்று தெரிகிறது. பதில் கடிதம் நீளமானது, கணக்கப்பிள்ளையின் பாஷையில் இருப்பது. மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை, பயணத்துக்கான சீட்டுக்கு எழுதிப்போட்டு ஒன்பது மாதமாகியும் ஒரு காரியாலயத்திலிருந்து தகவலே இல்லை, இப்போது புறப்பட்டால் புருஷன் பிள்ளைகளின் பெயரும் சேர்ந்து கெட்டுப்போகும் என்று விவரமாக இருக்கிறது. சீட்டுக்கு எழுதிப்போட்டது தாயார் படுத்த படுக்கையானபோதே என்பது தேதிகளைக் கூட்டிப் பார்த்தால் தெரிகிறது. தாத்தா கூட்டிப் பார்க்கவில்லை. 'விசா' என்கிற சொல் அந்தக் கடிதத்தில் மூன்று இடங்களில் வருகிறது. தாத்தாவுக்கு அந்தச் சொல் புரிந்திருக்க நியாயமில்லை. அவர் அறிந்த கடல், தகரத்தைக் கட்டிக்கொண்டால் தாண்டுகிற கடல். வர முடியவில்லை என்பதை வர மனமில்லை என்று அவர் படித்தார். அவருடைய அனுபவத்தில் அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று, ஒரு காரியாலயம், இருந்ததே இல்லை.

இங்கே வேறு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை விட்டுவிட்டுக் கொல்லிமலையில் இருந்துகொண்டு இந்த விஷயத்தை எழுதுவது நேர்மையாகாது.

ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கில மிஷனரியும் அவர் மனைவி ஈவ்லினும் 1913இல் மணமுடித்து இந்த மலைக்கு ஏறி வந்தார்கள். அவர்களுடைய மகன் பால் பிராண்ட், பின்னால் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கி உலகப் புகழ் பெற்றவர், 1914இல் இங்கே பிறந்தார். ஒன்பது வயதில் அவரைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். லண்டனில் இருந்த பையனுக்குத் தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. கப்பலில் வந்த தகப்பனின் கடிதங்கள் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன. மகனும் தகப்பனும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது 1923இல். தூரம் வெள்ளையர்களையும் விட்டுவைக்கவில்லை.

ஈவ்லின் மலையை விடவில்லை. வயதாகிவிட்டது என்று மிஷன் சபை அவரைத் திரும்ப அனுப்ப மறுக்கப் பார்த்தது. வாதாடி மீண்டும் வந்தார். தவணை முடிந்ததும் சபையிலிருந்து விலகி, தம் பொறுப்பில் மலைமேல் வீடு கட்டிக்கொண்டார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது, வருஷம் 1947 வாக்கில். மட்டக்குதிரைமேல் ஊர் ஊராகப் போய், மருந்து கொடுத்துக்கொண்டும் தம் மதத்தைச் சொல்லிக்கொண்டும், 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்து வயதில் இறந்து, இதே மலையில் புருஷனுக்குப் பக்கத்தில் அடக்கமானார். அவர் மதத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஏதும் சொல்ல இல்லை. பிடிவாதத்தைப் பற்றி உண்டு: மதிக்கத் தக்க பிடிவாதம். சுகவீனப்பட்ட மலைக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற ஒரே சமவெளி மனுஷி அவர்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் கவனத்தை இழுப்பது காலம். இங்கிலாந்தில் பிறந்த அந்த அம்மாள், சுதந்திர இந்தியாவின் ஒரு மலை உச்சியில், அதே ஐம்பதுகளில் தடையின்றி இருந்தார். பிரிட்டிஷ் பிரஜைகள் இந்தியாவுக்குள் வர 1984 வரைக்கும் பொதுவாக விசா தேவைப்படவில்லை. காமன்வெல்த் என்றொரு உறவு அதற்குக் காரணம். மிஷனரிகளை நோக்கிய அரசின் பார்வை ஐம்பதுகளிலேயே இறுகத் தொடங்கிற்று என்பது உண்மை. ஆனாலும் அவர் இருந்தார், இருக்க விட்டார்கள். இலங்கையும் அதே காமன்வெல்த்தில்தான் இருந்தது. இந்த மலையின் அடிவாரத்தில் பிறந்த ஒரு பெண், தன் தாயின் முகத்தைப் பார்க்க அதே காமன்வெல்த்துக்குள், ரயிலும் கப்பலுமாக இரண்டு நாள் தூரம் வர முடியவில்லை. தாத்தா சோளக்காட்டுப் பாதையில் அந்த அம்மாளைக் குதிரைமேல் அடிக்கடி பார்த்திருக்கிறார். ஒருமுறை, தங்கையைப் பற்றிய பேச்சின் நடுவே, என் அப்பாவிடம் சொன்னாராம்: "அந்தப் பாட்டிகிட்டச் சீட்டு கேக்கறவன் எவன்டா இருக்கான்?" அப்பா இதை வெள்ளைக்காரர்கள் மேல் உள்ள கோபம் என்று நினைத்துச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கைக்குச் சீட்டு என்று ஏதோ ஒன்று குறுக்கே இருந்தது என்பதைத் தாத்தா ஏதோ ஒரு கட்டத்தில் புரிந்துகொண்டுவிட்டார் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே தடயம் அந்த வாக்கியம். புரிந்துகொண்ட பிறகும் அவர் கடிதம் எழுதவில்லை.

குற்றம் கொழும்பிடம் மட்டும் என்று முடித்துக்கொள்வது நமக்குச் சௌகரியம். நேரு அவர்களை இலங்கையின் பிரஜைகள் என்றார். அது நியாயமான நிலைதான். ஆனால் அந்த நியாயம் நிலைநாட்டப்படும் வரைக்கும் அவர்கள் எதைக் கையில் வைத்துக்கொண்டு பயணம் செய்வது என்பதற்குப் பதில் இல்லை. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று. பிற்பாடு 1974இல் அந்த மீதியைப் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். எண்ணப்பட்டவர்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. மனுக்கள் வாங்கியபோது, இந்தியா வர விரும்பியவர்கள் ஒதுக்கப்பட்ட எண்ணுக்குக் குறைவு, இலங்கையில் இருக்க விரும்பியவர்கள் ஒதுக்கப்பட்டதைவிட அதிகம். ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆவதற்குள், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.

நம் சர்க்கார் தன் சொந்தப் பிரஜைகளிடமே பாஸ்போர்ட்டை ஒரு சலுகையாகத்தான் வைத்திருந்தது. கொடுக்கலாம், மறுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டமில்லாமல் அதை மறுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகே, அந்த வருஷம் அவசர அவசரமாகப் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. குடியரசாகிப் பதினேழு வருஷம் வரைக்கும் இதற்கு ஒரு சட்டம்கூட இல்லாமல் காலம் தள்ளினோம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அத்தைப் பாட்டியின் முதல் மனு 1957இல் தள்ளுபடியாயிற்று. பிறகு ஒப்பந்தத்தின்கீழ் மறுபடியும் இலங்கைக்கே மனுக் கொடுத்தார். அண்ணன் எழுதிய அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவர் வேறு எப்படிக் கொடுத்திருக்க முடியும்? 1972இல், தீர்மானம் வருவதற்கு முன், நாடற்றவராகவே லயத்தில் இறந்துபோனார். அந்த வருஷம்தான் சிலோன், ஸ்ரீலங்கா என்ற குடியரசாயிற்று. செய்தியை எழுதியவர் அவர் மகன். அவர் பிற்பாடு குடும்ப அட்டையோடு ராமேஸ்வரம் வந்திறங்கி, 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றுக்கு, நீலகிரிக்குப் போனார். மறுபடியும் தேயிலை. மகள் அங்கேயே இருந்துவிட்டார். அவர்கள் வகைப் பேர்களுக்குப் பிரஜாவுரிமை முழுதாகத் தீர்ந்தது 2003ஆம் வருஷச் சட்டத்தில்தான்.

கள்ளத்தோணி என்ற வசைச்சொல் அங்கே எவ்வளவு பேருடைய முதுகில் ஒட்டப்பட்டது என்பதை மலையகத்து எழுத்துகளைப் படிக்கிறவர்கள் அறிவார்கள். நாம் படிக்கவில்லை. 1935லேயே புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதினார். அதன் பிறகு இக்கரையில் அநேகமாக மௌனம். 1947இல் பார்லிமென்டுக்குப் போன ஏழு பேரில் ஒருவரான ஸி.வி. வேலுப்பிள்ளை கவிஞர் என்பதே இங்கே பலருக்குச் செய்தி. நம் புதுக்கவிதைக்காரர்கள் அந்நியமாதல் என்பதை அல்ஜீரியாவிலிருந்து பாரிஸ் வழியாக இறக்குமதி செய்தார்கள். மண்டபத்தில் அது கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, நமக்குக் காமுவின் மொழிபெயர்ப்பு போதுமானதாக இருந்தது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தக் கடிதங்கள் இருபது வருஷம் எங்கள் வீட்டுப் பரண்மேல் கிடந்தன. நான் கீழே உட்கார்ந்து நாடற்றவனின் மனநிலை பற்றிக் கவிதை எழுதினேன்.

ராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றுபோயிற்று. இப்போது திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். லேபர் கமிஷன் இருந்த அதே திருச்சி. ஹட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற அத்தைப் பாட்டியின் பேத்தி, முறைப்படி எனக்குத் தங்கை, இரண்டு வருஷமாகப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். "அண்ணன், அம்மம்மாவ வச்ச எடத்தில இன்னும் கல்லுகூட இல்ல, நீங்க வந்தாத்தான்" என்பாள். அவள் குரலில் எங்கள் பக்கத்து உச்சரிப்பு ஒன்றிரண்டு சொற்களில் அப்படியே இருக்கிறது. பிறந்த வீட்டார் வந்து போட வேண்டிய கோடித் துணி, 1972இல் போடப்படாதது, இன்னும் பாக்கி என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு சரியானது.

பையன் காத்திருந்தான். டூரிஸ்ட் என்ற தலைப்பின்கீழேயே, உறவினரைப் பார்க்க என்று ஒரு பிரிவு இருப்பதைத் திரையில் காட்டினான். அதைப் போடச் சொன்னேன். அடுத்து, அங்கே தங்கும் இடத்தின் விலாசம் கேட்டது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து எண் என்று பையில் இருந்த கடிதத்தைப் பார்த்துச் சொன்னேன். 1953ஆம் வருஷக் கடிதத்தில் உள்ள விலாசமும் தங்கை போனில் சொன்ன விலாசமும் ஒன்றே. "லயம்னா என்னங்க சார், ஸ்ட்ரீட்டுங்களா?" என்று கேட்டான். சொன்னேன். பணம் கட்டினோம். அனுமதி வந்திருக்கிறது என்று மறுநாள் மதியம் அவனே போன் செய்தான். முப்பது நாள் இருக்கலாம். அதை அச்செடுத்து, கடிதங்களோடு வைத்து, சாயங்கால பஸ்ஸில் கொடித்துணி வாங்கச் சேந்தமங்கலத்துக்கு இறங்கினேன்.